குறிப்பறியும் எந்திரமும் பி7 என்ற பெண்ணும்

இலக்கியப் பிரதியைத்தான் வாசிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. தீப்பெட்டி லேபிளை, கல்யாணப் பத்திரிகையை, ரேஷன் கார்டை நம்மில் சிலர் பிரதியாக எடுத்து வாசித்துக் காட்டியிருக்கிறோம். நான் இங்கே வாசிக்க எடுத்துக்கொள்வது ஒரு சடங்கை. ஆய்வு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புகிற சடங்கு. அதிலும் குறிப்பாக, 'அறிவார்ந்த பயனர் இடைமுகங்கள்' என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிற ஒரு துறையின் மாநாட்டுக்கு. இதில் நமக்கென்ன வேலை என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்கணும். கையிலிருக்கிற போனில் நீங்கள் இரண்டெழுத்து அடித்ததும் மீதிச் சொல்லை அதுவே நீட்டுகிறதே, அந்த நீட்டல் எந்தச் சபையில் 'அறிவு' என்று முத்திரை வாங்குகிறது, அந்தச் சபைக்குள் யார் எப்படி நுழைகிறார்கள் என்பதுதான் விஷயம்.

தோழர் ஒருவரின் மகள் போன வருஷம் வீட்டுக்கு வந்தாள். பொறியியல் கல்லூரியொன்றில் பாடம் நடத்துகிறவள். "மாமா, இங்கிலீஷ மட்டும் கொஞ்சம் பாத்துக் குடுங்க. பத்துப் பக்கத்துக்கு மேல போகக்கூடாது." நான் கணினி படித்தவன் இல்லை. இருபத்தைந்து வருஷமாகச் சிறுபத்திரிகைகளில் விமர்சனம் எழுதுகிறேன், வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அந்தத் தகுதியில்தான் வந்தாள்.

அவள் செய்திருந்தது போனில் தமிழ் அடிக்கும்போது சொல் பரிந்துரைக்கும் ஒரு விசைப்பலகை. இந்த மாதிரிப் பரிந்துரைகள் ஏற்கெனவே எழுதிக் குவிந்த உரையிலிருந்து கணக்கிடப்படுகிறவை. தமிழில் எழுதிக் குவிந்தது என்றால் பெரும்பகுதி எழுத்துத் தமிழ். ஆகவே பேச்சுத் தமிழில் அடிக்கிறவரை அது ஓயாமல் திருத்த வரும். இவளுடையது பேச்சை முன்னால் வைத்தது. நூற்பாலை வேலைக்குப் போகும் பன்னிரண்டு பெண்களிடம் கொடுத்து, மூன்று வாரம் புழங்கவிட்டு, உட்கார்ந்து பேசிக் குறிப்பெடுத்திருந்தாள். அவள் நோட்டில் ஒரு பெண் சொன்னது அப்படியே இருந்தது:

"நான் 'வாரேன்'னு அடிச்சா இது 'வருகிறேன்'ங்குது பாப்பா. வருகிறேன்னு நான் என்னைக்குச் சொல்லியிருக்கேன்? ... மாதிரி இதுவும் என்னையத் திருத்துது."

புள்ளியிட்ட இடத்தில் ஒரு சொல் இருந்தது. அதை ஏன் எடுத்தேன் என்பது பின்னால் வரும். இந்தப் பெண் கட்டுரையில் பி7. பங்கேற்றவர்களுக்கு இப்படி எண் போடுவதுதான் அங்கே வழக்கம். பத்துப் பக்கத்துக்குள் அடக்கவேண்டி நான் இதை ஆங்கிலத்தில் ஒற்றை வரியாக்கினேன். அந்த வரி தமிழில் இப்படி வரும்: 'தானியங்கித் திருத்தம் குறித்து பி7 குறைந்த மனநிறைவைத் தெரிவித்தார்.' விளிம்புநிலைக் குரல், மொழியின் அதிகாரம் என்றெல்லாம் கால் நூற்றாண்டாக இந்தப் பக்கங்களில் எழுதிவருகிற நான்தான் அந்த வரியை எழுதியவன். எழுதும்போது கூசவில்லை. நன்றாக அமைந்துவிட்டதென்று ஒரு திருப்திகூட.

சடங்குக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'சமர்ப்பித்தல்' என்பதற்குரிய வினைச்சொல்லுக்கே பணிந்துபோதல் என்று இன்னொரு பொருள் உண்டு. நம் சொல்லோ சாமி காலடியில் வைப்பது. இரண்டும் பொருத்தம்தான். முதலில் பெயரை அழிக்க வேண்டும். எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது, மதிப்பிடுகிறவர் யாரென்று எழுதியவருக்கும். ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறது. பெரிய பெயரும் பெரிய பல்கலைக்கழகமும் முன்கூட்டியே மாலை வாங்கிக்கொள்வதைத் தடுக்க வந்தது. கல்லூரிப் பெயர், ஊர், நன்றியுரை எல்லாவற்றையும் எடுத்தாள். 'தென்னிந்திய மாநிலம் ஒன்றில்' என்று மாற்றினாள். ஆனால் தமிழை என்ன செய்வது? தமிழில் விசைப்பலகை செய்தவள் தமிழ் என்று சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னதும் முகமூடியில் பாதி கிழிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் செய்தவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர் 'பயனர்கள்' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆங்கிலம் என்று பெயர் சொல்லக்கூட வேண்டியதில்லை. எந்த மொழியை வைத்து ஆய்ந்தாய் என்று சொல், அது ஆங்கிலமாக இருந்தாலும் சொல் என்று மொழியியலாளர் எமிலி பெண்டர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி, 'பெண்டர் விதி' என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. பெயர் சொல்லும்படி ஒரு விதியே தேவைப்பட்டிருக்கிறது என்றால், சொல்லாமல் விடுவது எவ்வளவு இயல்பாகியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அச்சு வார்ப்பு. இத்துறையில் கட்டுரையை லேடெக் என்ற மென்பொருளில், சங்கம் தருகிற வார்ப்பில் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். அதன் வழக்கமான ஓட்டத்தில் தமிழ் எழுத்து வராது. வேறு பொறி மாற்றி, எழுத்துரு சேர்த்துத்தான் வரவழைக்கணும். கெடு நெருங்குகிற ராத்திரியில் அதற்கெல்லாம் நேரமில்லை. தமிழ்ச் சொற்களைப் படம் பிடித்து ஒட்டினாள். தமிழ் விசைப்பலகை பற்றிய கட்டுரையில் தமிழ் எழுத்தாக இல்லை, மரம் செடி மாதிரி ஒரு படமாக இருந்தது. இதோடு முடியவில்லை. பார்வையற்றோர் வாசிக்க உதவியாக ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுத வேண்டும். நல்ல விதி, குறை சொல்ல ஒன்றுமில்லை. 'வாரேன்' என்ற சொல்லின் படத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண், ராத்திரி ஒரு மணிக்கு.

கெடு என்றேன். அது எந்த ஊர்க் கெடு? 'பூமியில் எங்கேயாயினும்' என்று ஒரு நேரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த மூலையிலாவது அந்தத் தேதி பாக்கியிருக்கும்வரை அனுப்பலாம். கிரீன்விச்சுக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கிய கணக்கு. நமக்கு அது மறுநாள் மாலை 5.29. கேட்க எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது! அந்த நேர மண்டலத்தில் இருக்கிற நிலம் பசிபிக்கில் பேக்கர், ஹவ்லண்ட் என்ற இரண்டு சின்னத் தீவுகள். இரண்டிலும் குடியிருப்பவர் யாரும் இல்லை. எல்லாருக்கும் பொதுவான நேரம் என்று ஒன்றைத் தேடிப்போய், யாருமே இல்லாத இடத்தின் கடிகாரத்தைப் பிடித்திருக்கிறார்கள். 'பயனர்' என்கிற தன்னிலையும் இப்படிக் கட்டப்பட்டதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எல்லாருக்கும் பொதுவாக, யாரும் வசிக்காத ஓரிடத்தில்.

இந்தத் துறைக்கு வரலாறு இருக்கிறது. கணினி அறிவியலாளர்களின் பெரிய சங்கமான ஏசிஎம்மின் கீழ், மனித–கணினி ஊடாட்டம் ஒன்றும் செயற்கை அறிவு ஒன்றுமாக இரண்டு கிளைகள் சேர்ந்து நடத்துவது ஐயூஐ மாநாடு. 1993இல் ஃப்ளோரிடாவின் ஒர்லாண்டோவில் பட்டறையாகக் கூடியது, 1997 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. ஊர்ப் பட்டியலைப் பார்த்தேன். 2004இல் மதேரா தீவு, 2007இல் ஹோனலூலூ, 2008இல் கிரான் கனாரியா, 2009இல் சனிபெல் தீவு, 2017இல் சைப்ரஸ், 2025இல் சர்தீனியா. நமது மாநாடுகள் பள்ளிக்கூட விடுமுறை பார்த்து வகுப்பறையில் நடப்பவை என்பதால் எனக்குப் பொறாமையாகவும் இருக்கலாம்.

1997 ஒர்லாண்டோவில் நடந்த ஒரு விவாதம் இன்னும் முடியவில்லை. ஒரு பக்கம் பென் ஷ்னைடர்மன். மறுபக்கம் எம்ஐடி ஊடக ஆய்வகத்தின் பாட்டி மாயஸ். அதே ஆண்டு சிஎச்ஐ மாநாட்டிலும் மோதிக்கொண்டார்கள். மாயஸ் தரப்பு: கணினிக்குள் குவிவது மனிதர் கையாள முடியாத அளவுக்குப் போகிறது, பயன்படுத்துகிறவர்களோ பயிற்சி பெற்றவர்கள் இல்லை, ஆகவே நம் பழக்கங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு நமக்காக வேலை பார்க்கும் முகவர் மென்பொருள் வேண்டும். ஷ்னைடர்மன் தரப்பு: எந்திரம் என்ன செய்யும் என்பது முன்கூட்டித் தெரிய வேண்டும், பிடி மனிதன் கையில் இருக்க வேண்டும், பொறுப்பும் அவனுடையது. 1983லேயே 'நேரடிக் கையாளல்' என்று பெயரிட்டுப் பேசியவர் அவர்.

இந்தச் சண்டையை நம் ஊர்ச் சொல்லில் வைத்துப் பார்க்கலாம். குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. பின்னதில் காதலர் பார்வை காதலர் பார்வையைப் படிக்கிறது. முன்னது அரசனை அண்டியிருக்கிறவன் சொல்லாமலே அவன் மனத்தைத் தெரிந்துகொள்வது. அங்கே கீழே நிற்பவன்தான் மேலே இருப்பவன் முகத்தைப் படித்தாக வேண்டும். வேலைக்காரி எஜமானி முகத்தைப் படிக்கிறாள். எஜமானிக்கு அந்த அவசியம் கிடையாது. முகவர் மென்பொருள் என்கிற கனவு எஜமானியின் கனவு. சொல்லாமலே காபி வர வேண்டும். அதைக் கனவு காண்பவர்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் என்று கேட்பது விமர்சகன் வேலை.

ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது, இதை வெறும் எஜமானக் கனவு என்று சொல்லித் தாண்டிவிட முடியாது. அரண்மனையில் குறிப்பறிகிறவன் அரசனிடம் சம்பளம் வாங்குகிறான். போனுக்குள் இருக்கிற இந்தக் குறிப்பறிவான் சம்பளம் வாங்குவது என்னிடம் இல்லை. நம் வீட்டில் நின்று நம் முகத்தைப் படித்து இன்னொரு வீட்டுக்குக் கணக்கு ஒப்பிக்கிற வேலைக்காரன். படிக்கப்படுகிறவன் மேலே இருந்த காலம் போய், படிக்கப்படுகிறவனே கீழே என்றாகிவிட்டது. 1997 விவாதத்தில் இரண்டு பேரும் 'பயனர்' என்றே பேசினார்கள். ஒருவர் அவருக்கு வேலையாள் கொடுக்கப் பார்த்தார், மற்றவர் அவர் கையில் கருவி கொடுக்கப் பார்த்தார். அந்தப் பயனர் எந்த ஆலையில், எந்த ஷிப்டில் இருக்கிறாள் என்ற கேள்விக்கு அந்த மேடையில் இடமிருந்திருக்காது.

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் அதற்கும் பத்தாண்டு முன்பே ஒருவர் வந்திருந்தார். லூசி சச்மன், மானிடவியல்காரர். ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் இருந்துகொண்டு, ஒளிநகல் எந்திரத்தில் சேர்த்த 'அறிவார்ந்த' உதவி அமைப்பை ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று படம் பிடித்துப் பார்த்தார். 1987இல் அது 'திட்டங்களும் சூழல்சார் செயல்களும்' என்று பொருள்படும் புத்தகமாக வந்தது. எந்திரம் மனதில் ஒரு திட்டம் வைத்துக்கொண்டு, மனிதர் அதன்படி நடப்பதாக நினைத்துப் பேசுகிறது. மனிதரோ அந்தந்த நேரத்துக்குத் தக்கபடி செய்துகொண்டு போகிறார்கள். இரண்டும் பேசிக்கொள்வதுபோல் தெரிகிறதே தவிர, சந்திப்பதில்லை. நகல் எடுக்கத் தெரியாமல் திணறியவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல், செயற்கை அறிவுத் துறையை நிறுவியவர்களில் ஒருவர். படித்தவன், படிக்காதவன் என்று பிரித்துத் தப்பிக்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேணும்?

நம் பக்கம் ஓர் எடுத்துக்காட்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் 'அக்கா' அடிக்க அ, க, க, ஆ என்று தட்டினால் போதும். முதல் ககரத்துக்கு அதுவே புள்ளி வைத்துக்கொள்ளும். 'ங' தட்டி 'க' தட்டினால் 'ங்க'. ஒரே மெய் இரட்டித்தால், மெல்லினத்துக்குப் பின்னால் அதன் இன வல்லினம் வந்தால் புள்ளி தானாக விழும். இலக்கணம் தெரிந்த பலகை. ஆனால் அது என்ன செய்யும் என்று அடிக்கிறவருக்கு முன்னாலேயே தெரியும், யாருடைய பழக்கத்தையும் அது உளவு பார்க்கவில்லை. இதை யாரும் 'அறிவார்ந்தது' என்று சொன்னதாக நினைவில்லை. ஊகிப்பதற்குத்தான் அறிவு என்று பெயர் கிடைக்கிறது, ஒப்புக்கொண்ட விதிப்படி நடப்பதற்குக் கிடைப்பதில்லை. வாரேன் என்பதை வருகிறேன் என்று மாற்றும்போது அந்த ஊகம் யாருடைய இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

கட்டுரை போயிற்று. ஐயூஐக்கு அல்ல, இதே துறை சார்ந்த வேறொரு மாநாட்டுக்கு. பெயர் வேண்டாம். இரண்டு மாதம் கழித்து மூன்று மதிப்பீடுகளோடு திரும்பி வந்தது. முதலாமவர் கேட்டது: இது தமிழுக்கு அப்பால் பொதுமைப்படுமா? இரண்டாமவர்: பன்னிரண்டு பேர் போதாது, ஆங்கிலத்தையும் செப்பனிட வேண்டும் (செப்பனிட்டது நான் என்பதை அவளிடம் மறுபடி நினைவூட்டவில்லை).

முதல் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும். பொதுமைப்படுத்தல் என்பது அறிவியலின் உரிமை, அதை மறுக்க நான் வரவில்லை. யாரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதே என் கேள்வி. 2021இல் சிஎச்ஐ மாநாட்டிலேயே வந்த ஓர் ஆய்வு, 2016 முதல் 2020 வரை அங்கு வெளியானவற்றைக் கணக்கெடுத்தது. கண்டறிதல்களில் 73 விழுக்காடு மேற்கத்தியரை வைத்துப் பெற்றவை. உலக மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 12 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாட்டு நூற்பாலைப் பெண்கள் பன்னிரண்டு பேர் என்றால் 'ஒரு குறிப்பிட்ட சூழல்'. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் பன்னிரண்டு பேர் என்றால் 'மனிதர்'. இதைச் சொன்னதும் மேற்கத்திய ஆதிக்கம் என்று முஷ்டியை உயர்த்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அந்தக் கணக்கை எடுத்ததும் அந்த மாநாட்டுக்குள் இருந்தவர்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆனால் எனக்கு உறைத்தது மூன்றாவது மதிப்பீடு. பெயர் தெரியாத, ஊர் தெரியாத அந்த ஆள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார். பரிந்துரைக்கான பேச்சுச் சொற்கள் எங்கிருந்து வந்தன, அந்தப் பெண்களின் வாட்ஸாப் செய்திகளிலிருந்து என்றால் இதற்குத்தான் என்று சொல்லி அனுமதி வாங்கியதா? அடுத்தது: பன்னிரண்டு பேரோடு மூன்று வாரம் இருந்திருக்கிறீர்கள், ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம்கூட ஏன் கட்டுரையில் கேட்கவில்லை?

அனுமதி வாங்கியிருந்தாள், ஆனால் 'ஆராய்ச்சிக்கு' என்ற ஒற்றைச் சொல்லில். எந்தச் சொல் எங்கே போய்ச் சேரும் என்று விளக்கவில்லை. குறிப்பறியும் எந்திரத்தைக் குறை சொன்ன நாங்களும் சொல்லாமல் படித்திருக்கிறோம். இரண்டாவது கேள்விக்குப் பதில் நான். குரலை வெட்டியது ஆதிக்க நிறுவனம் அல்ல, வெட்டும்படி அது கேட்கவும் இல்லை. பத்துப் பக்கம் என்று மட்டும்தான் சொன்னது. எதை விடலாம் என்று தேர்ந்தெடுத்தது நான். அச்சு வார்ப்பு எப்படி இருக்கும் என்ற என் ஊகத்தில், கேட்கப்படாததற்கு முன்பே பணிந்தேன். அரசன் முகத்தைப் படிக்கிறவன் செய்வது இதைத்தான்.

நம் சபை மட்டும் என்ன வாழ்கிறது. சிறுபத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினால் மறுப்புக் கடிதம்கூட வராது, மௌனம்தான் மதிப்பீடு. ஃபூக்கோவும் தெரிதாவும் இல்லாத கட்டுரையைக் கோட்பாட்டுப் பலமில்லை என்று நானே இரண்டு இதழ்களில் திருப்பியிருக்கிறேன். அப்படித் திருப்பிய ஒன்றை ஒரு பஞ்சாலைத் தொழிலாளி எழுதியிருந்தார். அவருக்கு மூன்று பத்தி எழுதிப் பதில் சொன்னேனா என்றால், இல்லை. முகம் தெரியாத அந்த மூன்றாம் ஆள் சம்பளம் வாங்காமல் இவளுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

பணக் கணக்கும் மாறிவருகிறது. 2026 ஜனவரியிலிருந்து ஏசிஎம் தன் பதிப்புகளை வாசகருக்கு முழுக்கத் திறந்துவிட்டது. நல்லது. இனி அச்சிடும் செலவை எழுதுகிறவரோ அவர் நிறுவனமோ ஏற்க வேண்டும். தள்ளுபடி உண்டு என்கிறார்கள். இவள் கல்லூரி முதல்வர் அதைக் கேட்டதும் என்ன முகம் காட்டுவார் என்று படிக்க எந்த எந்திரமும் வேண்டாம்.

இப்போது மறுபடி எழுதுகிறாள். போன மாதம் பி7ஐப் போய்ப் பார்த்தாள். சொற்பட்டியல் எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்து சொல்லிவிட்டு, "அக்கா, நீங்க சொன்னத அப்படியே தமிழ்லயே போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். போடச் சொன்னாளாம். ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறாள். யார் மாதிரி திருத்துகிறது என்ற அந்தச் சொல்லை. "அது தெரிஞ்சா வேல போயிரும் பாப்பா." பெயர் போடலாமா என்றதற்கும் வேண்டாம் என்றாள். பி7 என்று எழுதியிருப்பதைக் காட்டியதும், "பஸ் நம்பர் மாதிரியில்ல இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்திருக்கிறாள். பெயரழிப்பை வன்முறை என்று எழுதத் தயாராக இருந்த எனக்கு அது கொஞ்சம் கையைக் கட்டிப்போட்டது. மேலே புள்ளி வைத்திருப்பதும், மாவட்டத்தின் பெயரை நான் சொல்லாததும் அவள் சொல்லித்தான்.

இந்தத் தடவை பொறியை மாற்றி, எழுத்துரு சேர்த்து, 'வாரேன்' எழுத்தாகவே வந்துவிட்டது. பன்னிரண்டு வாக்கியங்களும் தமிழிலும், கீழே ஆங்கிலத்திலும். அதனால் இரண்டு பக்கம் கூடிவிட்டது. எதை எடுப்பது என்று நேற்று ராத்திரி போன் பண்ணிக் கேட்டாள். முன்னுரையில் ஷ்னைடர்மன், மாயஸ் விவாதம் பற்றி நான் எழுதிக்கொடுத்த பத்திகளை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். கெடு வெள்ளிக்கிழமை மாலை 5.29.